சிவனுவின் பெயர் எழுதிய போத்தல்

போத்தலைக் கையில் கொடுக்கும்போது வாங்குகிறவரின் முகத்தைப் பாருங்கள். பெயரைச் சரிபார்க்க வேண்டும், மூடியை இறுக்க வேண்டும் என்பதையெல்லாம் உங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தந்திருப்பார்கள். முகத்தைப் பார்க்கச் சொல்லி யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இந்தப் பரிசோதனை வேலைக்குப் போகிற உங்களிடம் பேச வரும்படி கேட்டபோது, இதைச் சொல்லலாம் என்றுதான் ஒத்துக்கொண்டேன்.

நான் பண்டாரவளை டவுனில் பிறந்து வளர்ந்தவள். தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசைக் காம்பராக்களில், இருந்தவள் இல்லை. தாதியாகப் பல வருஷம் சத்திரசிகிச்சை வார்டில் வேலை செய்துவிட்டு, கடைசிக் காலத்தில் குடலுக்குள் கமரா விட்டுப் பார்க்கும் அறைக்கு மாறினேன். தோட்டத்து ஆட்கள் எங்களிடம் வந்து சேரும் விதம் உங்களுக்கும் தெரிந்திருக்கும். வயிறு வீங்கி, வாந்தி எடுத்துக்கொண்டு, லொறியிலோ தோட்டத்து அம்புலன்சிலோ வருவார்கள். எவ்வளவு காலமாக இரத்தம் போகிறது என்று கேட்டால், "அது மூலம்ங்க, ரொம்ப நாளா இருக்கு" என்பார்கள். வயிற்றைத் திறந்து பார்த்தால் குடலை அடைத்துக்கொண்டு கட்டி இருக்கும். அநேகமாக ஈரலுக்கும் போயிருக்கும்.

எங்கள் சத்திரசிகிச்சை டாக்டர் சிங்களவர். அதிகம் பேச மாட்டார். ஒரு நாள் அப்படி ஒரு வயிற்றைத் திறந்து, ஒன்றும் செய்ய முடியாமல் திரும்பத் தைத்துவிட்டு, கையுறையைக் கழற்றியபடி, "இவர்கள் வரட்டும் என்று நான் இங்கே நிற்பதில் அர்த்தமில்லை" என்றார். அதற்குப் பிறகுதான் எங்கெங்கோ கேட்டு அந்தப் போத்தல்களை வரவழைத்தார். மலத்தில் கண்ணுக்குத் தெரியாத இரத்தம் இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை. நோய்க்குறி எதுவும் இல்லாத, ஐம்பதைத் தாண்டிய ஆட்களுக்கு. இரத்தம் இருந்தால் கமரா விட்டுப் பார்ப்போம். சின்னத் தசை முளையாக இருக்கும்போதே வெட்டி எடுத்துவிட்டால் அது புற்றுநோயாக வளராது. இதுதான் யோசனை. நல்ல யோசனை. இன்றும் அதைத்தான் சொல்வேன்.

ஸ்பிரிங்வெளிக்கு மேலே ஒரு தோட்டத்து டிவிஷன். பெயர் வேண்டாம். ஆட்களின் பெயர்களையும் மாற்றித்தான் சொல்கிறேன். அங்கே பிள்ளைக் காம்பராவில், வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் அறையில், மேசை போட்டு உட்கார்ந்தோம். டாக்டர் சிங்களத்தில் விளக்க, நான் தமிழில் சொன்னேன். குச்சியால் மலத்தைத் தொட்டு எடுக்க வேண்டும் என்று சொன்னதுமே பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஆண்கள் ஒவ்வொருவராக வெளியே போய்விட்டார்கள்.

அன்று எங்களைக் காப்பாற்றியவள் தெய்வானை. என் வயதுதான் அவளுக்கும். பிற்பாடு நெருங்கிப் பழகினோம், அதனால் 'அவள்' என்றே சொல்கிறேன். கொழுந்து பறிக்கிறவள். தொண்டை பெரிசு. நடுவில் எழுந்து நின்று, "எதுக்கு இளிக்கிறீங்க? நீங்கள்லாம் வெளிக்கிப் போறதே இல்லையா? அந்த ஐயா டவுன்ல இருந்து நம்ம பீயப் பாக்க வந்திருக்காரு, நமக்கு வெக்கமாக்கும்!" என்றாள். எல்லாரும் வெடித்துச் சிரித்தார்கள். டாக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனால் அவரும் சிரித்தார். அதற்குப் பிறகு போத்தல் வாங்க வரிசையாக நின்றார்கள்.

தெய்வானை தனக்கு ஒன்று வாங்கினாள். "எங்க வீட்டுக்காரருக்கும் குடுங்க மிஸ்ஸி. அவரு மலையில தேயிலச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுறாரு. நான் வாங்கிட்டுப் போறேன்" என்றாள். அன்று அப்படித்தான் எல்லாருக்கும் கொடுத்தோம். வேலைக்காட்டில் இருக்கும் ஆண்களைத் தேடிப் போய்க் கொடுக்க ஆளில்லை. போத்தலில் சிவனு என்று பெயர் எழுதிக் கொடுத்தேன். மறுநாள் காலையில் இரண்டையும் கொண்டுவந்து தந்தாள். நான் வாங்கி வைத்தேன்.

முடிவு வந்தபோது இரண்டிலும் ஒன்றுமில்லை. நானே தோட்டத்து மருந்துக் காம்பராவுக்குப் போய்ச் சொன்னேன். "ரெண்டு பேருக்கும் ஒன்னுமில்ல தெய்வானை" என்றதும், அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். சிரித்தாள் என்றுதான் நினைவு.

ஒரு வருஷம்கூட முழுதாகப் போகவில்லை. மழை விடாமல் பெய்த ஒரு நாள் மத்தியானம், சிவனுவை எங்கள் வார்டுக்குத் தூக்கி வந்தார்கள். அவரை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன். ஒல்லியான, நீளமான மனிதர். வயிறு மட்டும் கல்லாக இருந்தது. பெயரைக் கேட்டு எழுதும்போதே, பக்கத்தில் நின்ற தெய்வானையை எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அவளும் என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

அன்றே வயிற்றைத் திறந்தார்கள். பெருங்குடலின் இடதுபக்கம் முழுக்க அடைத்திருந்தது. ஈரலில் நிறைய. டாக்டர் அடைப்புக்கு மேலே குடலை வெளியே எடுத்து, வயிற்றில் ஒரு பையை ஒட்டி விட்டார். மலம் அந்தப் பைக்கு வரும். மனிதருக்கு வேதனை குறையும், சில மாதம் கிடைக்கும், அவ்வளவுதான்.

அவருடைய தம்பி முனியாண்டி வார்டு வாசலில் என்னை மறித்தார். அண்ணனும் தம்பியும் அடுத்தடுத்த காம்பராவில் குடியிருப்பவர்கள்.

"நீங்கதானே மிஸ்ஸி ஒன்னுமில்லைன்னு சொன்னீங்க? ஊரெல்லாம் கூட்டி வச்சு சொன்னீங்க. இப்ப என்னாங்க சொல்றீங்க?"

"அண்ணே, எல்லாத்தையும் அந்த டெஸ்ட்டு காட்டிடாது..."

"அப்ப எதுக்குங்க வந்தீங்க? எங்கள வச்சு வெளையாடவா?"

பின்னால் சுவரோடு சாய்ந்து தெய்வானை நின்றாள். அவ்வளவு பெரிய தொண்டைக்காரி ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அது அப்போதே உறுத்தியது.

இரண்டு நாள் கழித்து, நோயாளிகளின் துணி அலசும் இடத்தில் அவளைத் தனியாகக் கண்டேன். குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் வாளி நிரம்பி வழிவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் போய்க் குழாயை மூடினேன்.

"ரெண்டுலயும் என்னோடதுதான் மிஸ்ஸி," என்றாள்.

எனக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியதும் அந்த வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அவருகிட்ட கேட்டேன். சின்னப்புள்ள மாதிரி அதையெல்லாம் குச்சியில தொட்டுக் குடுக்க மாட்டேன்னுட்டாரு. நான் அத்தன பேருக்கு முன்னால வாயடிச்சிட்டு வந்தவ. என் புருசன் போத்தல் மட்டும் சும்மா வந்தா சிரிக்க மாட்டாளுகளா? அவருக்கு என்னா இருக்கப்போவுது, கல்லு மாதிரி மனுசன்னு நெனைச்சேன். என்னோடதையே ரெண்டுலயும் வச்சிட்டேன்."

வாளிக்குள் துணியைப் போட்டு அமுக்கினாள்.

"பொறகு ஒரு நாளு அவரு கட்டுற சாரம் துவைக்கையில ரத்தம் பாத்தேன். கேட்டேன். 'அதான் டெஸ்ட்டுல ஒன்னுமில்லைன்னு வந்துருச்சே, இது மூலம்'ன்னாரு. நான் என்னான்னு சொல்லுவேன்? வாயைத் தொறக்க முடியல. இன்னைக்கி சொல்லுவோம், நாளைக்கி சொல்லுவோம்னு இருந்துட்டேன். எனக்கு ரெண்டு தடவ ஒன்னுமில்லைன்னு வந்திருக்கு மிஸ்ஸி. எனக்கு மட்டும்."

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவருக்குத் தெரிய வேணாம். இதத் தெரிஞ்சுக்கிட்டு சாக வேணாம்."

சொல்ல மாட்டேன் என்றேன். வேறென்ன சொல்வது?

அடுத்த வாரம் சிவனுவின் பையை மாற்றிக்கொண்டிருந்தேன். அந்த வேலையின்போது ஆண்கள் அநேகமாகக் கண்ணை மூடிக்கொள்வார்கள், அல்லது கூரையைப் பார்ப்பார்கள். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மிஸ்ஸி, அந்தத் திரைய நல்லா இழுத்து விடுங்க."

விட்டேன்.

"அந்தப் போத்தல்ல இருந்தது என்னோடது இல்லைங்க."

என் கை நின்றது. தெரியாதவள் மாதிரி முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும் என்று மட்டும் தோன்றியது. "என்ன அண்ணே சொல்றீங்க?" என்றேன்.

"நான் குடுக்கவே இல்ல. குடுக்காதவனுக்கு ஒன்னுமில்லைன்னு எப்படிங்க வரும்? எனக்கு அன்னைக்கே தெரியும். அவ தன்னோடத வச்சிட்டா."

"தெரிஞ்சும் ஏன் சும்மா இருந்தீங்க?"

அவருக்கு மூச்சு வாங்கியது.

"அப்பவே ரத்தம் போய்க்கிட்டுதான் இருந்துச்சு. நீங்க வர்றதுக்கு முந்தியே. மலையில கவ்வாத்துக் கத்தியோட நிக்கையில வயித்த இழுத்துப் பிடிக்கும். பயம்ங்க. குடுத்தா என்னா வரும்னு தெரிஞ்சுதான் குடுக்கல. அவ வந்து ஒன்னுமில்லையாம்னு சொன்னதும் அப்பாடான்னு இருந்துச்சு. இனிமே யாரும் கேக்க மாட்டாங்கல்ல. சாரத்துல ரத்தத்தப் பாத்துட்டு அவ கேட்டப்ப, டெஸ்ட்டக் காட்டித்தான் அவ வாய அடைச்சேன். அவளால ஒன்னும் பேச முடியாதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் சொன்னேன்."

நான் பையை ஒட்டி முடித்தேன். இவ்வளவு நேரமும் அழாதவர் அப்போதுதான் அழுதார்.

"இப்ப ராவும் பகலும் அவ மூஞ்சியப் பாக்குறேன். செத்தவ மாதிரி இருக்கா. அதனால நேத்து ஒன்னு சொல்லிட்டேன். 'நீ உன்னோடத வச்சது எனக்குத் தெரியும். விடியக்கால நான் அதக் கொட்டிட்டு என்னோடத வச்சேன். டெஸ்ட்டுதான் தப்பு, நீ ஒன்னும் பண்ணல'ன்னு. நம்புனாளோ என்னமோ. அவ உங்ககிட்ட வந்து கேப்பா, டெஸ்ட்டு தப்புமான்னு. தப்பும்னு சொல்லிருங்க மிஸ்ஸி."

உங்களில் யாருக்காவது இது சின்ன விஷயமாகத் தெரியலாம். சாகப் போகிற மனிதர், ஒரு வார்த்தை, சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே என்று. அந்த டிவிஷனை நினைத்துப் பாருங்கள். சிவனுவுக்கு ஒன்றுமில்லை என்று சொன்னோம், சிவனு சாகிறார். இது எல்லா லயத்துக்கும் தெரியும். இனி அங்கே யார் போத்தலை வாங்குவார்கள்? அவருடைய போத்தலில் இருந்தது அவருடையதே இல்லை என்று சொன்னால் பரிசோதனையின் பெயர் நிற்கும். அதைச் சொன்னால் தெய்வானை நிற்க மாட்டாள்.

டாக்டரிடம் போனேன். பெயர் சொல்லாமல், ஒரு நோயாளி இப்படி ஒன்றைச் சொல்லிவிட்டு இப்படிக் கேட்கிறார் என்றேன். அவருக்கு யார் என்று புரிந்திருக்கும். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டுதான் பதில் சொன்னார்.

"பரிசோதனை சில வேளை தவறவிடும். அது உண்மை. அதைச் சொல்லுங்கள். இரத்தத்தைக் கண்ணால் பார்த்தால், பரிசோதனை என்ன சொல்லியிருந்தாலும் உடனே வர வேண்டும். அதுவும் உண்மை. அதையும் சொல்லுங்கள். மற்றதெல்லாம் அவர்கள் இருவருடையது, மிஸ். அதை எடுத்து நாம் பாவிக்க முடியாது."

"அப்படியென்றால் அந்தத் தோட்டம் கைவிட்டுப் போகும், சேர்."

"போகும்," என்றார். அவ்வளவுதான்.

சிவனு சொன்னது போலவே அன்று பின்னேரம் தெய்வானை வந்தாள். அவர் சொன்னதையெல்லாம் அப்படியே ஒப்புவித்தாள். பிறகு என் கண்ணைப் பார்த்துக் கேட்டாள்.

"டெஸ்ட்டு தப்புமா மிஸ்ஸி?"

"சில நேரம் தப்பும்."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். பாரம் இறங்கிவிட்டது என்று நான் நினைத்தேன். அவளைத் தொட்டுத் தூக்கிவிட்டு, வார்டுக்குத் திரும்பி மற்ற வேலைகளைப் பார்த்தேன்.

சிவனு வீட்டுக்குப் போக வேண்டும் என்றார். அனுப்பினோம். ஆனால் அவரால் வீட்டில் சாக முடியவில்லை. அந்த மாதம் மழை விடவே இல்லை. மீரியபெத்தவில் மலை சரிந்து லயங்களை மூடிய பிறகு எங்கள் பக்கத்தில் மண் லேசாக அசைந்தாலே எல்லாரும் பதறுவார்கள். லயத்துக்கு மேலே நிலம் வெடித்திருக்கிறது என்று சொல்லி, அந்த வரிசையில் இருந்தவர்களையெல்லாம் பாடசாலைக்கு மாற்றினார்கள். வகுப்பறை ஒன்றில் ஏழெட்டுக் குடும்பங்கள். பாய், சட்டி பானை, குழந்தைகள், ஈரத்துணி. அதற்கு நடுவில் வயிற்றில் பையோடு சிவனு.

எங்கள் மருத்துவக் குழுவோடு நான் அங்கே போனேன். மூலையில் இரண்டு கதிரைகளுக்கு நடுவே கயிறு கட்டி, தன் சேலைகளைத் தொங்கவிட்டு, தெய்வானை அவருக்கு ஒரு காம்பரா செய்து வைத்திருந்தாள். கமறும் வாடைக்கு ஊதுபத்தி கொளுத்தியிருந்தாள். பக்கத்துப் பாயில் இருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டதை நான் பார்த்தேன். அவரும் பார்த்திருப்பார். போத்தலில் குச்சியால் தொட்டுக் கொடுக்க வெட்கப்பட்ட மனிதர் அவர். அவருடைய மலத்தைப் பற்றி அந்த அறை முழுக்கத் தெரிந்திருந்தது.

"வலி இருக்கா அண்ணே?" என்று கேட்டேன்.

"வலிக்கு மருந்து குடுத்துட்டீங்க," என்றார். தெய்வானை தண்ணீர் எடுக்கப் போகும்வரை காத்திருந்துவிட்டு, "அவ நல்லா தூங்குறா இப்பல்லாம். நம்பிட்டா" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு ஆறுதலை அதற்கு முன் நான் கண்டதில்லை.

சில நாளில், அந்தச் சேலைகளுக்குப் பின்னாலேயே இறந்துபோனார்.

மறுவருஷம் அதே டிவிஷனுக்குத் திரும்பப் போனோம். போக வேண்டாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். ஒரு தடவை செய்து விட்டுவிட்டால் இந்தப் பரிசோதனைக்குப் பலனில்லை, திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும் என்று டாக்டர் பிடிவாதமாக இருந்தார். அதே பிள்ளைக் காம்பரா. அதே மேசை. யாருமே வரவில்லை. எங்களோடு வந்த இளம் தாதி ஒருத்தி போத்தல்களை அடுக்குவதும் கலைத்து அடுக்குவதுமாக இருந்தாள். டாக்டர் வாசலில் நின்று, கீழே வளைந்து போகும் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மத்தியானம் கொழுந்து நிறுக்கிற நேரம். நிறுக்கும் இடம் பிள்ளைக் காம்பராவுக்கு எதிரிலேயே. பெண்கள் கூடையோடு வரிசையாக நின்றார்கள். நான் போய், "வாங்கம்மா, அஞ்சு நிமிசம்தான்" என்று கூப்பிட்டேன். முனியாண்டி எங்கிருந்தோ வந்து முன்னால் நின்றார்.

"யாரும் போவாதீங்க. எங்கண்ணனுக்கு ஒன்னுமில்லைன்னு சொன்னது இவங்கதான். நம்பித்தானே அந்த மனுசன் பேசாம இருந்தாரு? போத்தலெல்லாம் பொய்."

இளம் தாதி என் காதருகே வந்து, "மிஸ், ஏதாவது சொல்லுங்க. இப்படியே விட்டா அவ்வளவுதான்" என்றாள். என்னிடம் சொல்ல ஒரு வாக்கியம் இருந்தது. அதைச் சொன்னால் போதும். பரிசோதனை தவறலாம், இரத்தத்தைப் பார்த்தால் வர வேண்டும் என்று டாக்டர் சொல்லித் தந்ததை மட்டும் சொன்னேன். "தப்புற டெஸ்ட்டு நமக்கு எதுக்கு?" என்று வரிசையில் ஒரு குரல் கேட்டது. சிலர் தலையாட்டினார்கள்.

அப்போதுதான் தெய்வானை வரிசையிலிருந்து வெளியே வந்தாள். அவள் அங்கே நிற்பதையே நான் கவனிக்கவில்லை. அவ்வளவு இளைத்துப் போயிருந்தாள். கூடையின் நெற்றிப் பட்டியைக் கழற்றி, முதுகிலிருந்து அதை இறக்கி வைத்தாள்.

"அது அவரோடது இல்ல," என்றாள்.

முனியாண்டி திரும்பினார். "என்னா சொல்ற?"

"அந்தப் போத்தல்ல இருந்தது உங்க அண்ணனோடது இல்ல. என்னோடது. நான்தான் ரெண்டுலயும் என்னோடத வச்சுக் குடுத்தேன். போத்தல் பொய் சொல்லல. நான்தான் பொய் சொன்னேன்."

தராசுக்குப் பக்கத்தில் நின்ற கணக்கப்பிள்ளைகூட எழுதுவதை நிறுத்திவிட்டார். நான் அவளிடம் ஓடிப்போய், "தெய்வானை, வேணாம்" என்று கையைப் பிடித்தேன். அவள் கையை விலக்கிக்கொண்டாள். பழைய தொண்டை திரும்ப வந்திருந்தது.

"எல்லாரும் கேட்டுக்குங்க. அவங்கவங்களோடத அவங்கவங்க வைங்க. புருசனுக்காக நீங்க வைக்காதீங்க. மாட்டேன்னா மாட்டேன்னு சொல்லிட்டு வாங்க, அது பரவாயில்ல."

முனியாண்டி அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். "எங்கண்ணனக் கொன்னுட்டியேடி," என்றார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு மலைப் பாதையில் இறங்கிப் போய்விட்டார்.

அன்று பெண்கள் வந்தார்கள். ஒருவர் பின்னால் ஒருவராக, தலையைக் குனிந்துகொண்டு. சிரிப்பு எதுவும் இல்லை. ஒருவரும் தெய்வானையின் பக்கத்தில் நிற்கவில்லை.

எல்லாம் முடிந்து நாங்கள் புறப்படும்போது, அவள் பிள்ளைக் காம்பராவின் பின்பக்கம் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"ஏன் தெய்வானை? அவரு உங்களக் காப்பாத்தத்தானே அப்படிச் சொன்னாரு."

"அவரு மாத்தல மிஸ்ஸி. அந்த ரெண்டு போத்தலும் உங்க கையில குடுக்குறவரைக்கும் என் மடியிலதான் இருந்துச்சு. மடியில கட்டிக்கிட்டேதான் படுத்தேன். அவரு எப்ப மாத்துறது?"

"அப்ப அன்னைக்கே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம? பொய் சொல்லத் தெரியாத மனுசன். சாகுற நேரத்துல எனக்காக ஒரு பொய்யக் கட்டிக்கிட்டு வந்து நிக்கிறாரு. நம்பலைன்னா எப்படி? நம்புன மாதிரி இருந்தேன். பள்ளிக்கூடத்துல தூங்குற மாதிரி கண்ண மூடிக்கிட்டுக் கெடந்தேன். அவரு நிம்மதியா போனாரா இல்லையா?"

"போனாரு."

"அது போதும். இப்ப அவரு இல்ல. இனி எதுக்கு மறைக்கணும்?"

ஆஸ்பத்திரித் தரையில் உட்கார்ந்து அவள் அழுததற்கு நான் கொடுத்த அர்த்தம் எவ்வளவு பிழை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

இதில் உங்களுக்கு நான் சொல்ல வேண்டிய வேலை விஷயங்கள் கொஞ்சம்தான். போத்தலை அந்தந்த ஆளின் கையில் கொடுங்கள். மலைக்கு ஏறிப் போக வேண்டியிருந்தாலும் போங்கள். மாட்டேன் என்கிறவரை அந்த இடத்திலேயே வற்புறுத்தாதீர்கள். மாட்டேன் என்று சொல்வதற்கு அவருக்கு இடம் இருக்கட்டும், அப்போதுதான் பொய் சொல்ல அவசியம் வராது. தனியாகக் கூப்பிட்டு, இரத்தம் பார்த்ததுண்டா என்று கேளுங்கள். பார்த்திருந்தால் போத்தலை எடுத்து வைத்துவிட்டு நேரே டாக்டரிடம் அனுப்புங்கள். ஒன்றுமில்லை என்று முடிவு சொல்லும்போது அதோடு நிறுத்தாதீர்கள். இனிமேல் இரத்தத்தைப் பார்த்தால் இந்த முடிவை நம்பிக்கொண்டு இருக்க வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒருவர் உங்களிடம் சொன்ன இரகசியம் உங்கள் வேலைக்கு எவ்வளவு உதவியாக இருந்தாலும் அதை எடுக்காதீர்கள். தெய்வானை தானே எடுத்துச் சொன்னாள், அது அவளுடையது. அன்று அவளை நான் இன்னும் இறுக்கிப் பிடித்து நிறுத்தியிருக்க வேண்டுமா என்று இப்போதும் யோசிக்கிறேன்.

அதற்குப் பிறகு அவளுக்கு நல்லது எதுவும் நடக்கவில்லை. சிவனுவின் ஆட்கள் அவளோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். கோயில் திருவிழாவுக்கு அவளை யாரும் கூப்பிடவில்லை. கொழும்பில் கடையில் வேலை செய்த மகன்கூட ஒரு தடவை வந்து சண்டை போட்டுவிட்டுப் போனான், திரும்ப வரவில்லை. காம்பராவை விட்டுப் போக அவளுக்கு வேறு இடமில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் முனியாண்டியின் குடும்பம். இந்தப் பக்கம் அவள் மட்டும்.

அந்தக் கிளினிக் முடிந்து கொஞ்ச நாளில், முனியாண்டி ஆஸ்பத்திரிக்கு வந்தார். தனியாக வந்திருந்தார். நான் அப்போது மாறியிருந்த கமரா அறை வாசலில் நின்று, மடியிலிருந்து போத்தலை எடுத்து என் கையில் வைத்தார். மனைவியை மருந்துக் காம்பராவுக்கு அனுப்பி வாங்கியிருக்கிறார்.

"இது என்னோடது," என்றார்.

அதில் இரத்தம் இருந்தது. கமரா விட்டுப் பார்த்தோம். அண்ணனுக்கு வந்த அதே இடதுபக்கத்தில், பெரிய முளை ஒன்று. டாக்டர் அதை வெட்டி எடுத்தார். பரிசோதித்ததில் அதன் நுனியில் புற்றுநோய் தொடங்கியிருந்தது, அடிவரை போகவில்லை. விட்டிருந்தால் சில வருஷத்தில் அவரையும் லொறியில் ஏற்றித்தான் கொண்டுவந்திருப்பார்கள்.

அதற்குப் பிறகு ஒழுங்காகப் பரிசோதனைக்கு வந்தார். ஒவ்வொரு தடவையும் தெய்வானை எப்படி இருக்கிறாள் என்று கேட்பேன். "இருக்கா" என்பார். நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னால் வந்தபோது, பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"அண்ணே, அன்னைக்கி அவங்க வாயத் தொறக்கலைன்னா நீங்க இங்க வந்திருக்க மாட்டீங்க. அது உங்களுக்குத் தெரியும்தானே? இன்னமும் பேசாம இருக்கீங்களே."

அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"தெரியும் மிஸ்ஸி. எங்கண்ணன் செத்ததாலதான் நான் உசிரோட இருக்கேன்னு தெரியும். அவ மூஞ்சியப் பாத்தா அதுதான் தெரியுது. அதான் பாக்க முடியல."

அடுத்த முறை எப்போது வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். மழை பெய்துகொண்டிருந்தது. குடையை விரித்துக்கொண்டு பஸ் நிலையத்தின் பக்கம் போனார்.